பத்திரத்துக்குப் பின்னால் போனவர்: ரானடேயும் மராட்டிய வரலாறும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மகாதேவ கோவிந்த ரானடே என்றால் கோகலேயின் குரு என்பது பலருக்கு உடனே நினைவுக்கு வரும். விதவை மறுமணம், பிரார்த்தனை சமாஜம், இந்தியப் பொருளாதாரச் சிந்தனை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததும் மனத்தில் தங்கியிருக்கலாம். அவற்றையெல்லாம் இன்று தொட்டுவிட்டு மட்டுமே செல்லப்போகிறேன். சட்டம் படித்து, ஏறத்தாழ முப்பது ஆண்டு நீதித்துறையில் பணியாற்றிய ஒருவர், இறப்பதற்கு முந்தைய ஆண்டில் தம் மண்ணின் சரித்திரத்தை எழுதி வெளியிட்டார். அந்தப் புத்தகத்துக்கும் அவருடைய நீதிமன்றத்துக்கும் இருந்த உறவே என் பேச்சின் பொருள். வழக்கறிஞர்கள் கூட்டியிருக்கும் கூட்டத்தில் பேச இதைவிடப் பொருத்தமான ஒரு வாழ்க்கை எனக்குத் தோன்றவில்லை.

ரானடே 1842 ஜனவரி 18ஆம் தேதி நாசிக் மாவட்டத்து நிபாடில் பிறந்தார். வளர்ந்தது கோலாப்பூரில். தந்தை கோவிந்தராவ் அந்தச் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். சிவாஜியின் வழிவந்தவர்கள் அரியணையில் இருந்த ஊர் அது. ரானடே பிறந்தபோது, மராட்டிய அரசின் தலைமை அமைச்சர்களாக இருந்து அதை நடத்திய பேஷ்வாக்களின் ஆட்சி முடிந்து 24 ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த ஆட்சியைக் கண்ணால் கண்டவர்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள். ஏட்டில் படிப்பதற்கு முன்பே அவர் காதில் விழுந்த கதை மராட்டியர் கதை.

பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1857இல் பிறந்தது. 1859இல் அது நடத்திய முதல் மெட்ரிகுலேஷன் தேர்விலேயே ரானடே தேறினார். 1862இல் பி.ஏ., 1864இல் எம்.ஏ., 1866இல் எல்.எல்.பி. இரவும் பகலும் படித்துப் படித்துக் கண்பார்வை கெட்டது. பிற்காலத்தில் பிறர் வாசிக்கக் கேட்டே பல நூல்களை அறிந்துகொள்ள வேண்டியிருந்தது.

எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் அவர் மாணவராக இருந்தபோது நடந்ததாக வாழ்க்கை வரலாறுகள் சொல்லும் ஒரு நிகழ்ச்சி உண்டு. மராட்டியர் ஆட்சியையும் ஆங்கிலேயர் ஆட்சியையும் ஒப்பிட்டு அவர் ஒரு கட்டுரை எழுதினார். தராசில் மராட்டியர் பக்கமே கனத்திருந்தது. கல்லூரி முதல்வர் சர் அலெக்சாண்டர் கிராண்ட் அவரை அழைத்து, உனக்குக் கல்வி தரும் அரசையே இப்படித் தாழ்த்தி எழுதலாமா என்று கண்டித்தார். ஆறு மாத உதவித்தொகையும் நின்றது. அந்த வயதில் அப்படி ஓர் அடி விழுந்தால் ஒன்று பயம் வரும், அல்லது கோபம் வரும். ரானடேயிடம் இரண்டுமே தங்கவில்லை. பிற்காலத்தில் அதே பொருளை எடுத்து எழுதியபோது அவர் எழுத்தில் கொதிப்பு இல்லை, சான்று இருந்தது. இந்த நிதானத்தைத்தான் நான் அவரிடம் மிகவும் மதிக்கிறேன்.

அன்று மராட்டியர் வரலாறு என்றால் ஒரே ஒரு புத்தகம்தான். ஜேம்ஸ் கிராண்ட் டஃப் என்ற ராணுவ அதிகாரி எழுதி 1826இல் மூன்று தொகுதிகளாக வந்தது. 1818இல் பேஷ்வா வீழ்ந்தபின் சாதாராவில் அரசியல் அதிகாரியாக அமர்ந்திருந்தவர் அவர். வென்றவர்களின் அதிகாரி, தோற்றவர்களின் கதையை எழுதினார். உழைப்பு குறைவான புத்தகம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆவணங்களைத் தேடினார், கோயில்களிலும் குடும்பங்களிலும் இருந்த ஏடுகளைப் பிரதி எடுத்தார். ஆனால் மராட்டியர் எழுச்சியை விளக்க வந்த இடத்தில், சஹ்யாத்திரி மலையின் காய்ந்த புல்லில் தீப்பற்றியதுபோல் அது நிகழ்ந்தது என்ற கருத்தில் எழுதிவிட்டார். தீ எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பற்றும், எரியும், அணையும். கொள்ளைக் கூட்டத்துக்கு அதிர்ஷ்டம் அடித்தது, பிறகு அதிர்ஷ்டம் போயிற்று என்பதே அதன் உட்பொருள். ஐம்பது அறுபது ஆண்டுகள் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இதுவே தீர்ப்பாக நின்றது. எதிர்த்தரப்பு ஆஜராகாமலே வழங்கப்பட்ட எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு என்று நீங்கள் இதைச் சொல்வீர்கள்.

அந்தத் தீர்ப்பை மறுவிசாரணைக்கு எடுக்கும் மனம் ரானடேக்கு எங்கே பழகியது? கல்லூரியிலும் பழகியிருக்கலாம். ஆனால் தக்காணத்துக் கடன் வழக்குகளில்தான் அது உறுதிப்பட்டது என்பது என் எண்ணம். கொஞ்சம் நின்று அதைச் சொல்கிறேன்.

1871இல் அவர் புனேயில் சார்பு நீதிபதியாக வந்தார். அதற்கு முன் அரசு மொழிபெயர்ப்பாளராகவும், எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராகவும் இருந்தார். தக்காணத்து உழவர்கள் அன்று கழுத்தளவு கடனில் இருந்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பருத்தி விலை ஏறியது. போர் முடிந்ததும் விழுந்தது. நிலத்தீர்வை மட்டும் ஏற்றிய இடத்திலேயே நின்றது. 1875 மே மாதம் புனே மாவட்டத்துச் சூபா என்ற சந்தை ஊரில் உழவர்கள் வட்டிக்கடைக்காரர்கள் வீடுகளில் புகுந்தார்கள். அவர்கள் தேடியது கடன் பத்திரங்களை. எடுத்து வந்து தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். கலகம் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும், அகமதுநகர் மாவட்டத்துக்கும் பரவியது.

ஏன் பத்திரம்? நீதிமன்றத்தில் பத்திரம்தான் பேசியது. உழவன் பேச முடியவில்லை. பத்து ரூபாய் வாங்கியவன் நூறு ரூபாய்க்குக் கைநாட்டு வைத்திருப்பான். வட்டி முதலாகும், முதல் புதுப் பத்திரமாகும். நீதிபதி முன்னால் வருவது கடைசிப் பத்திரம் மட்டும். கையெழுத்து உன்னுடையதுதானே? ஆம் ஐயா. முடிந்தது வழக்கு, டிக்ரி ஆனது, நிலம் போயிற்று.

விசாரணைக் குழு வந்து, 1879இல் தக்காண உழவர் நிவாரணச் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டத்தின் உயிர் ஒரே ஓர் ஏற்பாட்டில் இருந்தது: நீதிமன்றம் பத்திரத்துக்குப் பின்னால் போகலாம். முதன்முதல் கொடுக்கல் வாங்கல் எப்போது நடந்தது, கையில் விழுந்தது எவ்வளவு, இடையில் கட்டியது எவ்வளவு என்று கணக்கைத் தொடக்கத்திலிருந்து தோண்டி எடுக்கலாம். எடுத்து, உண்மையில் என்ன பாக்கி என்று தீர்மானிக்கலாம். புனே, சாதாரா, சோலாப்பூர், அகமதுநகர் ஆகிய நான்கு மாவட்டங்களில் இது நடைமுறைக்கு வந்தது. கீழ்நீதிமன்றங்கள் இதைச் சரியாகச் செய்கின்றனவா என்று பார்க்க ஒரு சிறப்பு நீதிபதி இருந்தார். 1887இல் அந்தப் பொறுப்பு ரானடேயிடம் வந்தது. 1893 வரை அவர் இந்த மாவட்டங்களில் சுற்றினார்.

ஆறு ஆண்டு இந்த வேலையைச் செய்த கை, பிறகு வரலாறு எழுத உட்காருகிறது. கடைசியாகக் கையெழுத்தான பத்திரத்தை உண்மை என்று ஒப்புக்கொண்டு எழுந்துபோக அந்தக் கைக்கு மனம் வருமா? மராட்டிய வரலாற்றில் கடைசிப் பத்திரம் 1818. அதற்குப் பின்னால் போக வேண்டும். முதல் கணக்கிலிருந்து பார்க்க வேண்டும். ரானடே இந்த இரண்டு வேலைகளையும் இப்படி இணைத்துப் பேசியதாக நான் சொல்லவில்லை. நான் இணைத்துப் பார்க்கிறேன்.

இடையில் அரசின் சந்தேகமும் அவர் மேல் விழுந்தது. மக்கள் குறைகளை அரசிடம் எடுத்துச் சொன்ன புனே சார்வஜனிக் சபையின் மூளை அவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். 1878இல் நாசிக்குக்கு மாற்றல். 1879இல் ஆங்கிலேயருக்கு எதிரான வாசுதேவ பல்வந்த பட்கேயின் கலகம் நடந்தது. அதே ஆண்டு மே மாதம் புனேயில் பேஷ்வா காலத்து மாளிகைகள் தீயில் எரிந்தன. ரானடே அப்போது துலேயில் போடப்பட்டார். அங்கே அவருக்கு வந்த தபால்களைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு நீதிபதிக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை. அவர் வேலையை விட்டுப் போகவும் இல்லை, கருத்தை விட்டுக்கொடுக்கவும் இல்லை. 1893இல் உயர்நீதிமன்ற நீதிபதி காசிநாத் திரியம்பக் தெலாங் இறந்தபோது அந்த இடத்துக்கு ரானடே வந்தார். தெலாங்கும் சட்டமும் சரித்திரமும் சேர்ந்தவர். மராட்டியரின் பழைய வரலாற்றுக் கதைநூல்களான பகர்களிலிருந்து செய்தி திரட்டி அவர் எழுதிய கட்டுரையை, ரானடே தம் புத்தகத்தின் பின்னிணைப்பாகச் சேர்த்தார். நாற்காலிக்கு வந்தவர், முன்னவர் செய்த வேலையையும் மறக்கவில்லை.

இனி புத்தகத்துக்கு வருவோம். மராட்டியர் அதிகாரத்தின் எழுச்சி என்ற பொருள்பட்ட தலைப்பில் ஆங்கிலத்தில் 1900இல் வெளிவந்தது. அத்தியாயத் தலைப்புகளே டஃப்புக்குப் பதில் சொல்கின்றன. நிலம் பண்பட்டது எப்படி, விதை விழுந்தது எப்படி, விதை வளர்ந்தது எப்படி, மரம் பூத்தது, மரம் காய்த்தது. தீயை அணைத்துவிட்டு மரத்தை நடுகிறார். மரத்துக்கு மண் வேண்டும், காலம் வேண்டும், பல தலைமுறையின் உழைப்பு வேண்டும். சிவாஜி பிறப்பதற்கு முன்பே தக்காணத்து சுல்தான்களின் ராணுவத்திலும் வருவாய்க் கணக்கிலும் மராட்டியர் பயிற்சி பெற்றிருந்தார்கள் என்று காட்டுகிறார். ஒரு மாவீரனின் கதையாக இருந்ததை ஒரு சமுதாயத்தின் கதையாக மாற்றியதே அவர் செய்த பெரிய வேலை.

அவருடைய வாதத்தில் எனக்கு மிக வலிமையானதாகப் படுவது 1689க்குப் பிந்தைய பகுதி. சிவாஜியின் மகன் சம்பாஜியைப் பிடித்து ஔரங்கசீப் கொன்றார். ராய்கட் விழுந்தது. வாரிசான சிறுவன் ஷாஹு மொகலாயர் முகாமில் கைதி. அரசன் இல்லை, தலைநகர் இல்லை, கருவூலம் இல்லை. கொள்ளைக்காரத் தலைவனை நம்பிய கூட்டமாக இருந்திருந்தால் அன்றைக்கே கலைந்திருக்கும். கலையவில்லை. ஔரங்கசீப் 1707இல் தக்காணத்திலேயே இறக்கும்வரை போர் நடந்தது. டஃப்பின் தீ எரிந்து முடிந்திருக்க வேண்டிய இடத்தில், எரிய ஒன்றுமில்லாத இடத்தில், இது எப்படித் தொடர்ந்தது? ரானடே இந்தக் கேள்வியை வைத்துவிட்டு நகரும்போது எதிர்த்தரப்பிடம் பதில் இல்லை.

அந்தப் போரின் நெஞ்சுப்பகுதி நடந்தது நம் செஞ்சியில். சம்பாஜியின் தம்பி ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே வந்து செஞ்சிக் கோட்டைக்குள் புகுந்தார். மூன்று மலைகளைச் சுற்றி வளைத்த அந்த மதிலுக்கு வெளியே மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690இல் முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698இல். அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். அத்தனை ஆண்டு மராட்டிய அரசின் தலைநகர் விழுப்புரம் பக்கத்தில் இருந்தது. மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் குதிரைப்படையோடு தக்காணத்துக்கும் செஞ்சிக்கும் இடையே ஓடிக்கொண்டே இருந்தார்கள். ரானடே செஞ்சிக்கென்று தனி அத்தியாயமே ஒதுக்கினார். 1677இல் சிவாஜி தெற்கே வந்து செஞ்சியைப் பிடித்ததை வெறும் படையெடுப்பாக அவர் பார்க்கவில்லை. வடக்கே நெருக்கடி வந்தால் பின்வாங்கி நின்று போராட ஒரு தற்காப்பு வரிசையைத் தெற்கில் அமைத்துவைத்தார் என்று வாதிடுகிறார். 2025இல் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது செஞ்சி. நம் ஊரில் சிலர் அதைக் கண்டு வியந்தார்கள், சிலர் கோபப்பட்டார்கள். கோனார், விஜயநகரம், நாயக்கர், பீஜப்பூர், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எல்லோர் காலடியும் பட்ட கோட்டை அது. யாருடைய பங்கையும் மறைக்காமல் சொல்லும் வரலாறு இருந்தால் வியப்பும் வேண்டாம், கோபமும் வேண்டாம்.

சிவாஜியின் சிவில் நிர்வாகம் பற்றிய அத்தியாயத்தையும் வழக்கறிஞர்கள் அவசியம் படிக்க வேண்டும். கோட்டைக்கு ஒருவர் அல்லாமல் மூவர் பொறுப்பு: மராட்டிய ஹவல்தார், பிராமணக் கணக்கர், சாமான் கிடங்கைப் பார்க்கப் பிரபு வகுப்புக் கார்க்கானிஸ். மூவரும் மூன்று சாதி. ஒருவர் எதிரி பக்கம் போனாலும் மற்ற இருவர் இருப்பார்கள். சம்பளம் ரொக்கமாக, ஜாகீர் என்ற நிலமானியம் கிடையாது. எட்டு அமைச்சர்களின் பதவியும் பரம்பரைச் சொத்து ஆகாது. இந்த விதிகளைப் பின்வந்தவர்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டதே மராட்டிய அரசு சிதறியதன் காரணம் என்பது ரானடேயின் முடிவு.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது, பேஷ்வா நாட்குறிப்புகளுக்கு அவர் எழுதிய முன்னுரை. புனேயில் பேஷ்வா தஃப்தர் என்று ஒரு பெரும் ஆவணக் குவியல் அரசின் பூட்டுக்குள் கிடந்தது. கணேஷ் சிம்னாஜி வாட் என்பவர் அதிலிருந்து பல பகுதிகளைத் தேர்ந்தெடுத்துப் பிரதி செய்தார். அவற்றைப் படித்த ரானடே, போர்களை ஒதுக்கிவைத்துவிட்டு மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்த்தார். எந்த ஊருக்குத் தீர்வை தள்ளுபடி ஆனது, எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை, யாரிடம் கட்டாய வேலை வாங்கினார்கள் என்று தேடினார். அங்கே ஒரு செய்தி அவர் கண்ணில் பட்டது. கொங்கணஸ்த பிராமணக் குமாஸ்தாக்கள் தஃப்தர் வேலைகளை எல்லாம் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். நல்ல சம்பளமும் வாங்கினார்கள். தங்கள் சரக்குக்குச் சுங்கமும் ஓடக்கூலியும் கட்டாமல் விலக்கும் பெற்றார்கள். ரானடேயும் கொங்கணஸ்த பிராமணர். தம் குலத்தார் ஆட்சியைத் தங்கள் உரிமையாக்கிக்கொண்ட கதையை, ஆவணம் காட்டி, பெயர் சொல்லி எழுதினார். டஃப்பை மறுத்தது துணிச்சல்தான். இது அதைவிடப் பெரியது.

குறைகள் இல்லையா? உண்டு. ஞானேஸ்வர், நாமதேவர், ஏக்நாத், துகாராம் முதலிய பக்தர்களே மராட்டிய எழுச்சிக்கு மண்ணைப் பண்படுத்தினார்கள் என்று அவர் வாதிட்டார். ஐரோப்பாவின் சமயச் சீர்திருத்தத்தோடு அதை ஒப்பிட்டார். மகார் குலத்துச் சோகாமேளா, குயவர் கோரா, ஜனாபாய், ஷேக் முகம்மது என்று எல்லாச் சாதியிலும் சமயத்திலும் பக்தர்கள் எழுந்ததை அவர் எடுத்துக்காட்டும் பக்கங்கள் படிக்க இனியவை. ஆனால் அபங்கம் என்ற பக்திப்பாடலைப் பாடியவனுக்கும் குதிரை ஏறியவனுக்கும் இடையிலான இணைப்பை அவர் போதுமான அளவு நிறுவவில்லை என்பதே என் கருத்து. மூல ஆவணங்களைத் தேடித் திரிந்த வி. கா. ராஜவாடே இதைக் கடுமையாக எதிர்த்தார். பகர்கள் நிகழ்ச்சிக்கு வெகுநாள் பின்னால் எழுந்தவை, அவற்றை அவ்வளவு நம்பக்கூடாது என்பதும் ராஜவாடேயின் பாடம். அதில் அவர் பக்கமே நியாயம்.

சாதியை எதிர்த்த சீர்திருத்தவாதி ஜோதிராவ் ஃபுலேயின் எதிர்ப்பு வேறு வகை. 1869இலேயே சிவாஜியை உழைக்கும் மக்களின் அரசராகப் பாடியவர் ஃபுலே. 1875இல் தயானந்த சரஸ்வதியின் புனே ஊர்வலத்தில் ரானடேயோடு அவர் சேர்ந்து நடந்தார். 1885இல் மராத்தி எழுத்தாளர் மாநாட்டுக்கு ரானடே அழைத்தபோது மறுத்துக் கடிதம் எழுதினார். மனித உரிமையை எல்லோருக்கும் மனமார ஒப்புக்கொள்ளாதவர்களோடு எங்களுக்கு ஒட்டாது என்பதே அதன் சாரம். ரானடே மேல் எனக்கு எவ்வளவு மதிப்பு இருந்தாலும் அந்தக் கடிதத்தை ஒதுக்கிவிட்டுப் பேச எனக்கு மனமில்லை.

1873ஐயும் சொல்லத்தான் வேண்டும். விதவை மறுமணத்துக்காகப் பேசியவர், முதல் மனைவி இறந்தபின் தந்தையின் வற்புறுத்தலுக்கு இணங்கிப் பதினொரு வயதுச் சிறுமியை மணந்தார். ஊர் சிரித்தது. அவர் அந்தச் சிறுமிக்குக் கல்வி கொடுத்தார். ரமாபாய் ரானடே பின்னாளில் புனே சேவா சதனத்தின் தூணாக நின்றார். மராத்தியில் எழுதிய நினைவுக்குறிப்புகளால் இலக்கியத்திலும் இடம்பெற்றார். அதனால் 1873 சரியாகிவிடாது. அம்பேத்கர் 1943இல் ரானடேயின் பிறந்தநாளன்று புனேயில் பேசியபோது, அவரை மாமனிதர் என்றே நிறுவினார். அம்பேத்கரிடமிருந்து அந்தச் சொல் எளிதில் வராது.

ரானடே இரண்டாம் தொகுதி எழுத நினைத்திருந்தார். 1901 ஜனவரி 16ஆம் தேதி பம்பாயில் இறந்தார். 59 வயது நிறைய இரண்டே நாள் இருந்தது. தஃப்தர் பின்னாளில் திறந்தது. ஜி. எஸ். சர்தேசாய் பதிப்பாசிரியராக இருந்து 1930களில் அதன் தேர்ந்தெடுத்த ஆவணங்களை 45 தொகுதிகளாக வெளியிட்டார்.

ரானடேயின் கடைசி அத்தியாயம் தென்னிந்திய மராட்டியரைப் பற்றியது. அதாவது இந்தத் தஞ்சாவூரைப் பற்றியது. தாய்நாட்டு வரலாற்றாசிரியர்கள் மறந்துவிட்ட கிளை என்ற வருத்தத்தோடு அதை எழுதினார். சிவாஜியின் மாற்றாந்தாய்த் தம்பி ஏகோஜி 1670களில் இங்கே அரசை நிறுவினார். 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் ஆங்கிலேயர் அதை எடுத்துக்கொண்டார்கள். ரானடேக்கு இந்த மண்ணோடு நேர்த்தொடர்பும் இருந்தது. 1887 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது, அவர் முயற்சியால் முதல் சமூக மாநாடு நடந்தது. அதற்குத் தலைமை தாங்கிய சர் டி. மாதவராவ் கும்பகோணத்தில் பிறந்த தஞ்சை மராட்டியர்.

பெரிய கோயில் மதிலில் தஞ்சை மன்னர் சரபோஜி 1803இல் வெட்டுவித்த போன்ஸ்லே வம்சக் கல்வெட்டை நாம் தாண்டிப் போகிறோம். சரசுவதி மகாலில், மராத்தியை எழுதப் பயன்பட்ட பழைய மோடி எழுத்தில் கட்டுக் கட்டாக ஆவணங்கள் இருக்கின்றன. அரண்மனைச் செலவு, சத்திரத்துக் கணக்கு, நிலவழக்கு, குடிகளின் மனு என எல்லாம் அவற்றில் உண்டு. அவற்றில் ஒரு பகுதி தமிழில் வந்திருக்கிறது. இன்னும் படிக்க ஆள் இல்லாமல் கிடப்பவை ஏராளம். மோடி படிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படி இருக்கிறார்கள். வழக்குக் கட்டைப் பிரித்து, கறைபடிந்த பழைய பத்திரத்தை வரிவரியாகப் படிக்கும் பொறுமை உங்கள் தொழிலில் இருக்கிறது. இங்கிருக்கும் இளம் வழக்கறிஞர்களில் இரண்டு மூன்று பேர் அந்த எழுத்தைக் கற்க முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ரானடேயின் செஞ்சி அத்தியாயத்தையும் தஞ்சை அத்தியாயத்தையும் மொழிபெயர்த்து, இங்குள்ள ஆவணங்களோடு ஒப்பிட்டுக் குறிப்பெழுதிச் சிறு நூலாகக் கொண்டுவரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். மோடி தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். விருப்பம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து பேசுங்கள்.